ஈசானி மூலை ஓட்டை

குழியைக் கண்டால் எட்டிப் பார்க்காமல் போனதாக உபகாரமேரிக்குச் சரித்திரமே கிடையாது. கரண்டு கம்பம் நட வெட்டிய குழியா, பாம்புப் புற்றா, பந்தலுக்குக் கால் ஊன்றத் தோண்டியதா, எதுவானாலும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து பார்ப்பாள். ஒரு சின்னக் கல்லைப் போட்டுச் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்குக் கால் மேலே நடக்கும். தன் கல்யாணத்தன்றே மாதா கோயில் வாசலில் கொடிமரத்துக்குத் தோண்டியிருந்த பள்ளத்துக்குள் தலையை நீட்டி, மாலையிலிருந்து பாதிப் பூவை உள்ளே உதிர்த்தவள். "பொண்ணு உள்ள வுழுந்துடப் போவுது, புடிங்கப்பா" என்று சாமியாரே கத்தினாராம். அப்படிப்பட்டவளுக்குக் கிணற்றுக்குள் இறங்குகிற புருஷன் வாய்த்ததைப் பொருத்தம் என்றுதான் சொல்ல வேண்டும்.

சிங்கராயர் சைடு போர் மேஸ்திரி. வறண்ட கிணற்றின் அடியில் நின்றுகொண்டு பாறைச் சுவரில் பக்கவாட்டாக ஓட்டை போடுவது தொழில். ஒரு கம்பி உள்ளே போனதும் அதன் வாலில் இன்னொரு கம்பியைத் திருகி, அடித்து, திருப்பி, மறுபடி அடித்து, உடம்பு பாறை மாவால் வெளுத்துப் போகும்வரை வேலை நடக்கும். பாறைக்குள் எங்கோ ஓடுகிற ஊற்றுக்கண்ணைக் கம்பி தொட்டுவிட்டால் ஓட்டை வழியே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வரும். தொடாவிட்டால் மாவோடு சரி. கீழே அவருக்குத் துணை இருசப்பன். வெள்ளிமலைக்காரன், சாமை அறுத்துவிட்டுச் சும்மா இருக்கும் மாதங்களில் மலையை விட்டு இறங்கி வருவான். மேலே உருளையில் கயிறு பிடிப்பது உபகாரமேரி. கூழ்ச்சட்டி இறங்குவதும் மாவுக்கூடை ஏறுவதும் இரண்டு ஆம்பளைகளின் உயிரும் அவள் கையில்தான் இருந்தன.

எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடை அது. நைனார்பாளையத்துக்குக் கிழக்கே அந்தப் பக்கத்து ஊர்களில் மழை என்ற பேச்சே மறந்து போயிருந்தது. மேற்கே கல்ராயன் மலை காலையில் நீலமாக இருந்து, உச்சி வெயிலில் காணாமலே போய்விடும். ராமசாமியின் மேட்டுக்கொல்லைக் கிணற்றில் ராத்திரியெல்லாம் ஊறி விடியும்போது ஓராள் மட்டம் தண்ணீர் நின்றது. மோட்டார் போட்டால் கரும்புக்குப் பாதி பாத்திகூடப் பாயாது. அதே தண்ணீரில்தான் காலனிக்காரர்களும் உயிர் வாழ்ந்தார்கள். காலனிக்கென்று வெட்டிய கிணறு பாதியில் பாறை வந்து நின்றுபோனது. பெண்கள் விடிவதற்குள் குடத்தோடு வந்து ராமசாமியின் புளியமரத்தடியில் வரிசையாக நிற்பார்கள். கிணற்றில் அவர்கள் கைவைக்கக்கூடாது. ராமசாமி பெண்சாதி ஆயம்மாள் சேந்திச் சேந்தி, தூக்கிப் பிடித்து, குடத்தில் குடம் படாமல் ஊற்றுவாள். வரிசையில் உபகாரமேரியும் நிற்பாள். கிணறு தோண்டுகிற வீட்டுக்காரியானாலும் குடிக்கிற தண்ணீருக்கு நின்றுதான் ஆகவேண்டும்.

கரும்பு காய்ந்துவிடும் என்று பயந்துபோய்த்தான் ராமசாமி சிங்கராயரைக் கூப்பிட்டார். சிங்கராயர் கிணற்றைச் சுற்றிப் பார்த்து மேற்குப் பக்கம் கையைக் காட்டினார்.

"மலைப் பக்கமா போட்டா நல்லாயிருக்கும் ஐயா. தண்ணி அங்கேர்ந்துதான் சரிவுல வருது."

"மொத ஓட்ட ஈசானி மூலையிலதான் போடணும்" என்றார் ராமசாமி. "வடகிழக்குதான்டா சாமி மூலை. எங்கப்பா எது செஞ்சாலும் அங்க தொட்டுட்டுத்தான் செய்வாரு."

"வடகெழக்கால சரிவு கீழ போவுதுங்களே. அந்தண்ட எங்க காலனி தவுர ஒண்ணியும் இல்லிங்க."

"உன் காலனிக்கா ஓட்ட போடச் சொன்னேன்? தண்ணிக்குப் போடச் சொன்னேன். போடு."

வேலை கொடுக்கிற ஆளோடு எவ்வளவு நேரம் வழக்காடுவது? போட்டார்கள். கிணற்றுத் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், ஈசானி மூலையில். கம்பிக்கு மேல் கம்பியாகத் திருகி, கைவசம் இருந்த கம்பி எல்லாம் தீரப்போகும் சமயம், கீழேயிருந்து சிங்கராயர் குரல் வந்தது.

"ஏ மேரி! கம்பி போவுதுடி!"

"எங்க போவுது?"

"அடிக்காமயே போவுது! வெண்ணெயில போறாப்பல போவுது!"

உபகாரமேரி வயிறு கிணற்று விளிம்பில் பட எட்டிப் பார்த்தாள். கம்பியை இழுத்துவிட்டு இருவரும் ஒதுங்கி நின்றார்கள், தண்ணீர் முகத்தில் அடிக்குமென்று. ஒரு சொட்டும் வரவில்லை. இருசப்பன் ஓட்டையில் காதை வைத்தான். அப்புறம் கன்னத்தை வைத்தான்.

"காத்து வருது அக்கா. குளுகுளுன்னு வருது. எங்க மலைக் காத்தாட்டம் இருக்குது."

"பாம்பு மூச்சு வுடுதோ இன்னாவோ, மூஞ்ச எடு" என்றாள். ஆனால் அவளுக்கும் இறங்கிப் போய்க் கன்னத்தை வைத்துப் பார்க்க ஆசையாக இருந்தது.

மறுநாள் காலை கிணற்றில் ஓராள் மட்டம் தண்ணீர் இல்லை. முழங்கால் அளவுதான் இருந்தது. ஈசானி மூலை ஓட்டையின் வாயில் சின்னதாக ஒரு சுழி சுழன்றுகொண்டிருந்தது. ராத்திரி ஊறிய தண்ணீரெல்லாம் ஓட்டை உயரத்துக்கு ஏறி, ஏறியதும் அதற்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் கொண்டுவரப் போட்ட ஓட்டை தண்ணீரைக் குடிக்கிறது என்பதைச் சிங்கராயர் வாயால் சொல்லவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தார், அவ்வளவுதான்.

ராமசாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தரையில் அடித்தார்.

"தண்ணி கொண்டாடான்னு இட்டாந்தா, இருந்த தண்ணிக்கும் வழி காட்டி அனுப்பி வச்சிட்டியேடா பாவி!"

"ஐயா, இப்பவே அடச்சிர்றேன். வேல மரத்துல ஆப்பு செதுக்கி, சாக்கச் சுத்தி அடிச்சன்னா ஒரு சொட்டு போவாது."

"அடைக்கறதா? ஈசானியில தொறந்தத அடச்சா வம்சம் வெளங்குமா? எங்கப்பா அந்த மூலையில ஒரு சன்னல அடச்சாரு, அந்த மாசமே வண்டி மாடு செத்துப்போச்சு. மொதல்ல குடிக்கும், பொறவு குடுக்கும். அதக் குடுக்க வைக்கறது உன் பொறுப்பு. அதுவரிக்கும் வேற கெணத்துல உன் கம்பிய எவன் எறக்குறான்னு பாக்கறேன்."

யாரும் இறக்கவில்லை. சிங்கராயர் கைபட்டால் கிணறு வற்றிவிடும் என்ற பேச்சு கள்ளக்குறிச்சி சந்தைவரை போனது. பேசி வைத்திருந்த இரண்டு கிணற்றுக்காரர்கள் ஆள் அனுப்பி வேண்டாம் என்றுவிட்டார்கள். மனுஷன் கம்பிகளுக்கு எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டினார். கரும்பு வெட்டப் பெங்களூர்ப் பக்கம் போகப்போவதாகச் சொன்னார். கூழைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். ஊரில் யாருடைய கிணற்றிலும் தலை நிமிர்ந்து இறங்கியவர், இப்போது தெருவில் நடக்கும்போது ஓரமாக நடந்தார்.

ஆனாலும் ஒரு கேள்வி மட்டும் அவளை விடவில்லை. தண்ணீர் போனது சரி, எங்கே போனது? இவ்வளவு தண்ணீர் சும்மா எப்படிக் காணாமல் போகும்? இருசப்பன் சாமைச்சோற்றுக்குக் கொள்ளு ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தபோது அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"இருசப்பா, உங்க மலையில இந்த மாதிரி ஓட்ட கீதா?"

"இருக்குதே. எங்க ஊருக்கு அந்தப்புறம் ஒரு பாழி இருக்குது, அடி தெரியாத பாறைக்குழி. மழக்காலத்துல ஒரு ஓட முழுசா அதுக்குள்ள வுழுந்துரும். வெளிய வராது. ஒரு தபா ஆட்டுக்குட்டி வுழுந்துச்சு, கழுத்து மணிச் சத்தம் கேட்டுக்கினே போச்சு, நிக்கல."

"அந்தத் தண்ணி எங்க போவுது?"

"கீழ ஒரு சுனைக்கு."

"சும்மா சொல்றியா, பாத்தியா?"

"நான் பாக்கல. எங்க சித்தப்பன் பாத்துருக்கறான். ஒரு கூடை சாமை உமிய உள்ள கொட்டிட்டு, ஆளாளுக்கு ஒரு சுனையில போயி உக்காந்துக்கினாங்களாம். எதுல உமி மெதந்துச்சோ அதுதான் பாழிக்கு அண்ணன் தம்பி."

உபகாரமேரி எழுந்தே விட்டாள்.

"இங்க நெல்லு உமியப் போட்டா எவன் வூட்டு உமின்னு தெரியாது. உங்க சாமை உமி பொடியா, பளபளன்னு இருக்கும். கீழ்நாட்டுல இப்ப எவன் வூட்ல சாமை கீது? நீ போயி ஒரு மூட்ட எடுத்தாடா."

"மூட்டயா? அந்த ஓட்டைக்கு அரை மூட்டையே ஜாஸ்தி அக்கா. அடச்சிக்கும்."

வெள்ளிமலை பஸ்ஸில் போய்த் திரும்பும் பஸ்ஸில் உமியோடு வந்தான். ராமசாமி முதலில் முகத்தைச் சுளித்தார். அப்புறம் அவருக்கே ஒரு யோசனை வந்து கண் மின்னியது. பக்கத்துக் கொல்லைக்காரன் கண்ணாயிரம் அவருக்குப் பங்காளி. போன வருஷம்தான் தன் கிணற்றை ஆழப்படுத்தியிருந்தான்.

"கொட்டு" என்றார். "கண்ணாயிரம் கெணத்துலதான் மெதக்கும். எனக்குத் தெரியும். அவன் கெணறு போன வாரத்துலேர்ந்து கொஞ்சம் ஏறியிருக்குதுன்னு சொல்றாங்க."

உமியைக் கை கையாக அள்ளி ஓட்டை வாயில் விட்டார்கள். சுழி அதை வட்டமிட்டு உள்ளே வாங்கிக்கொண்டது. உபகாரமேரி இறங்கி வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள். கன்னத்தையும் வைத்துப் பார்த்தாள்.

அதற்கப்புறம் அந்த வட்டாரத்துக் கிணறு ஒன்றையும் அவள் விடவில்லை. வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு வரப்பு வரப்பாகப் போய் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தாள். மாடு கட்டிக் கவலை இறைத்த பழைய கிணறு, பாம்பு படுத்த பாழுங்கிணறு, ஆள் உள்ளே விழுந்து செத்ததால் முள்ளைப் போட்டு மூடிய கிணறு, மழைத்தண்ணீர் தேங்குகிற ஏரி மதகடிப் பள்ளம். பழக்கதோஷத்தில் எல்லாவற்றிலும் கல்லைப் போட்டாள். பெரும்பாலும் 'டொக்'கென்று வெறும் பாறைச் சத்தம்தான் வந்தது. கீழே எத்தனை ஆழம், எத்தனை இருட்டு, அதற்குள் எங்கேயெல்லாம் வழி! நாம் நடக்கிற தரை முழுசும் உள்ளே ஓட்டையாகத்தான் இருக்குமோ என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பயத்தைவிட ஆசையே அதில் அதிகம். ஆனால் உமி எங்கேயும் இல்லை. ராமசாமியோ வேலை வெட்டியை விட்டுவிட்டுக் கண்ணாயிரம் கிணற்றுக்கு எதிர் வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்.

காலனியில் அந்த நாட்களில் வேறொரு சந்தோஷம். காலனிக்குப் பின்னால் ரோட்டுக்குக் கல் உடைத்த பெரிய பள்ளம் ஒன்று உண்டு. கல்லாங்குழி என்பார்கள். மழைக்காலத்தில் துணி துவைக்கலாம், மற்ற நாளில் பன்றி படுக்கும். அது கோடையில் தானாக ஊற ஆரம்பித்திருந்தது. அடியில் ஒரு பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் கசிந்து கசிந்து இடுப்பளவுக்குத் தெளிவாக நின்றது. பக்கத்து வீட்டுச் சாலம்மாள் குழியோரத்தில் மெழுகுவத்தி ஏற்றி வைத்தாள். மாதாவின் கிருபை என்று ஜெபமாலை சொன்னார்கள். புளியமரத்தடிக்கு யாரும் போகவில்லை. எவளும் தூக்கி ஊற்ற வேண்டியதில்லை. இறங்கி, முகம் கழுவி, குடத்தை முக்கி எடுத்தார்கள். உபகாரமேரியும் தினம் இரண்டு குடம் எடுத்தாள்.

அப்படி எடுத்து வந்த தண்ணீரை ஒருநாள் வீட்டில் பானையில் ஊற்றினாள். தூசி போகட்டும் என்று பானை வாயில் பழைய சேலைத் துணி கட்டி வடிப்பது வழக்கம். வடித்து முடித்துத் துணியை அவிழ்த்து உதறப்போனவள் அப்படியே நின்றாள். துணியில் பொடிப்பொடியாக, பளபளவென்று, நாலைந்து சாமை உமி ஒட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. ஊர்க் கிணறெல்லாம் எட்டிப் பார்த்தாளே, தான் தினம் இறங்கிக் குடிக்கிற குழியை ஒரு கிணறென்று அவள் நினைக்கவே இல்லை. அதைக் கணக்கில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. சிரிப்பு அடங்கியதும் துணியை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சிங்கராயர் சாக்குக் கட்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். துணியைப் பிரித்துக் காட்டினாள். அவர் எழுந்து, விரல் நுனியில் ஒரு உமியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, கல்லாங்குழிக்கு ஓடினார். வேட்டி நனைய இறங்கி, மூச்சைப் பிடித்து, அந்த வெடிப்பில் கையை விட்டுத் தடவினார். முகத்தைத் தூக்கியபோது மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார்.

"மேரி, எங்க போட்ட ஓட்ட எங்க வந்துகீது பாத்தியா! மேட்டுக்கொல்ல எங்க, இது எங்க! பாறைக்குள்ள பாறையா வந்துகீதுடி! என் கம்பி தொட்ட எடம் பொய்யில்ல. ஊத்து இருந்துச்சு, திசதான் மாறிப்போச்சு. இப்பவே போயி ஐயாகிட்ட சொல்றேன்."

"சொன்னா?"

"சிங்கராயன் கெணத்த அழிக்கலன்னு ஊருக்குத் தெரியும்."

"தெரிஞ்சா?"

அவர் கரையேறி வேட்டியைப் பிழிந்தார்.

"அடைக்கச் சொல்லுவாரு" என்றாள் உபகாரமேரி. "நீதான் எறங்கி அடைக்கணும். நான்தான் கயிறு புடிக்கணும். மறுநாளு காலையில நானும் சாலம்மாளும் போயி புளியமரத்தடியில நிக்கணும்."

"ஈசானிய அடைக்கக்கூடாதுன்னு அவுரேதான சொன்னாரு?"

"தண்ணி எங்க போவுதுன்னு தெரியாம சொன்னாரு. நமக்கு வருதுன்னு தெரிஞ்சா ஈசானியாவது ஒண்ணாவது."

"அப்ப நான் பெங்களூருக்குப் போயி கரும்பு வெட்டவா? ஒரு ஓட்டைக்காக தொழில வுட்டுட்டு?"

இரண்டு பக்கமும் நியாயமாக இருந்ததுதான் அவளுக்குப் பெரிய வேதனை. கரையில் குந்தியிருந்த இருசப்பனைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"எங்க மலையில எறங்கின தண்ணிய யாரும் திரும்பக் கூப்புட மாட்டாங்க அக்கா. ஆனா எங்க மலையில யாருக்கும் கரும்பு கெடையாது."

அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்க வைத்தது கண்ணாயிரம் கிணற்றடிச் சண்டை. மறுநாள் காலை அவன் மோட்டார் போடப் போனதும் ராமசாமி குடையை மடக்கிக்கொண்டு எழுந்தார். என் தண்ணியை இறைக்கிறாயா என்று கேட்க, உன் தண்ணியில் பேர் எழுதியிருக்கிறதா என்று அவன் கேட்க, கரும்புச் சோகை கழிக்கிற கத்தியை ராமசாமி எடுத்துவிட்டார். அவர் கையிலிருந்து கண்ணாயிரம் பிடுங்கப் பார்த்தான். ஆயம்மாள் வயிற்றில் அடித்துக்கொண்டு குறுக்கே ஓடினாள். கூட்டத்தில் நின்ற உபகாரமேரிக்கு, இன்னும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் ரத்தம் விழும் என்று தெரிந்தது.

"ஐயா! தண்ணி அவுருகிட்ட போவலிங்க! எங்க கல்லாங்குழிக்கு வந்துகினு இருக்குது!"

கத்தி கீழே இறங்கியது. அவள் இடுப்பிலிருந்த துணியை எடுத்துப் பிரித்தாள். ராமசாமி தொடாமல் குனிந்து பார்த்தார்.

"உங்க குழிக்கா?"

"ஆமாங்க."

"அப்ப உங்க குழித்தண்ணி என் கெணத்துக்கும் வருமா?" அவர் முகம் வேறு விதமாக மாறியது.

"மேட்டுக்கு எப்டிங்க ஏறும்? நீங்க குடுக்கறதுதான் எங்களுக்கு. நாங்க குடுக்கறது உங்களுக்கு வராது."

கொஞ்சம் சிரிப்பு எழுந்து அடங்கியது. ராமசாமி சிரிக்கவில்லை. விறுவிறுவென்று நடந்தார். வாழ்நாளில் முதல்முறையாகக் காலனித் தெருவுக்குள் நடந்து, கல்லாங்குழி ஓரத்தில் போய் நின்றார். பின்னால் ஆயம்மாளும் வந்தாள். உள்ளே பெண்கள் ஓரமாக முட்டளவுத் தண்ணீரில் நின்று குடம் முக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி குழந்தையைக் குளிப்பாட்டினாள். சாலம்மாளின் மெழுகுவத்தி வெயிலில் வளைந்து கிடந்தது. ராமசாமியைக் கண்டதும் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். தண்ணீரிலிருந்து ஏறுவதா வேண்டாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆயம்மாள் மட்டும் ரொம்ப நேரம் குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிங்கராயா" என்றார் ராமசாமி. "ஆப்பு செதுக்கு. சாயங்காலத்துக்குள்ள அடச்சிரு."

"ஈசானி மூலைங்களே ஐயா" என்றான் இருசப்பன், வெள்ளந்தியாக.

"அதுக்கு ஒரு பரிகாரம் பண்ணிக்கலாம்டா. நீ இன்னா எனக்கு ஜோசியம் சொல்ல வந்தியா?"

உபகாரமேரி நினைத்தபடியே நடந்தது. சிங்கராயர் வேலமரக் கட்டையைச் செதுக்கினார். நல்ல கை அவருக்கு, ஆப்பு உருண்டு திரண்டு அழகாக வந்தது. அதைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. வெயில் தாழக் கிணற்றடிக்குப் போனார்கள். காலனிப் பெண்கள் தூரத்தில் நின்றார்கள். சிங்கராயர் கயிற்றைப் பிடித்து ஒரு காலை உள்ளே வைத்தார்.

"நில்லு சிங்கராயா" என்றாள் ஆயம்மாள்.

அவள் உருளைக்குப் பக்கத்தில் வந்து, புருஷனைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சத்தமாகவே பேசினாள்.

"எம் பொண்ணு கள்ளக்குறிச்சியில மாசமா இருக்கறா. புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல எவனாவது ஈசானிய அடப்பானா? தொறந்தத அடச்சா வம்சம் வெளங்காதுன்னு ஊரெல்லாம் சொன்னது யாரு? நீங்கதான? மாடு செத்ததச் சொன்னது யாரு?"

"ஏ, எனக்கு யாரும் சொல்லலியே? எப்பலேர்ந்து?"

"ஆம்பளைக்கு எதுக்கு மொதல்லயே சொல்றது? அடைக்கணும்னா அடைங்க. நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன். கெணத்துலயே வுழுந்துருவேன்."

ராமசாமி துண்டைத் தோளில் மாற்றிப் போட்டார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சொன்ன சாத்திரம் அவர் கழுத்தையே சுற்றிக்கொண்டுவிட்டது.

"அப்ப என் கரும்பு?" என்றார், குரல் இறங்கி.

அப்போதுதான் சிங்கராயர் காலை வெளியே எடுத்தார்.

"ஐயா, ஓட்ட முழங்கா மட்டத்துல கீது. கெணத்த இன்னும் ஒரு ஆள் மட்டம் எறக்கிட்டா, ஓட்டைக்குக் கீழ நிக்கறது பூரா உங்களுது. பகல்ல நீங்க எறச்சிக்குங்க. ராத்திரி ரொம்பி ஓட்ட வரிக்கும் ஏறினா, வழியறது மட்டும் அந்தண்ட போவும். கரும்புக்குப் போவ மிச்சம் எங்களுக்கு. ஈசானியும் தொறந்தே இருக்கும்."

"எவன் தோண்டறது? பாறைடா அது."

"நாங்க தோண்டறோங்க" என்றாள் உபகாரமேரி. "எங்க காலனியே வந்து தோண்டுது. கூழ மட்டும் நாங்களே எடுத்தாந்துக்கறோம்."

வேலை முழுக்க இவர்களுடையது, கிணறு முழுக்க அவருடையது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. வறட்சி முற்றினால் கிணறு ஓட்டை வரைக்கும் ஏறாது என்பதும் தெரியும். இருந்தாலும் வழிவது தன் பக்கம் வழிகிறதே என்று நினைத்தாள். ராமசாமி மேற்கே மலையைப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில வரச்சொல்லு" என்று சொல்லிப் போய்விட்டார்.

காலையில் காலனி ஆம்பளைகள் கடப்பாறையும் கூடையுமாக வந்தார்கள். மலைக்காரன் இருசப்பன் முதல் ஆளாக இறங்கினான். சிங்கராயர் சாக்குக் கட்டைப் பிரித்துக் கம்பிகளை வெளியே எடுத்திருந்தார். கீழே பாறையில் முதல் அடி விழுந்த சத்தம் மேலே ஏறி வந்தது. உபகாரமேரி வழக்கம்போல விளிம்பில் வயிறு பட எட்டிப் பார்த்துக்கொண்டே கயிறு பிடித்தாள். பக்கத்தில் ஆயம்மாள் வந்து நின்று, வலது தோளை இடது கையால் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"இத்தினி நாளா கெணத்தண்ட குடத்தோட ஒருத்தியும் நிக்கல" என்றாள். "இந்தத் தோளு இப்பதான் கொஞ்சம் தூக்க வருது. பழையபடி சேந்தி சேந்தி ஊத்த என்னால ஆவாதுடி மேரி."

"அதுக்காவாங்க தடுத்தீங்க?"

"பின்ன?"

உபகாரமேரி கூடையை இழுத்தாள். குழியைக் கண்டால் எட்டிப் பார்க்கிற குணம் மனுஷர்களிடமும் சும்மா இருக்காது.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. பொண்ணுக்கு இது எத்தினியாவது மாசங்க?"

ஆயம்மாள் வாய்க்காலோரம் நின்ற புருஷனை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் கிணற்றுக்குள் பார்த்தபடி, கூடையில் ஒரு கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டுக்கொண்டே சொன்னாள்:

"இனிமேதான்டி ஆவணும். உங்க மாதாகிட்ட கொஞ்சம் சொல்லி வையி."